கப்பல் கிளம்பும் காட்சி

"என்னம்மா, கப்பல் இன்னும் கிளம்பலையா?" என்று அப்பா கேட்டபோது, திரையில் அது துறைமுகத்தைத் தாண்டிப் பாதி தூரம் போய்விட்டிருந்தது.

சின்னவள் படத்தை நிறுத்தினாள். "கிளம்பிடுச்சுப்பா. பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

"பாத்தேன். கேக்கலையே. நீ போன்ல என்ன சொன்ன? கப்பல் கண்ணுல படறதுக்கு முன்னாடியே எஞ்சின் சத்தத்துல உக்காந்திருக்கற சோபா அதிரும்னு சொன்ன. இங்க ஒரு ஈ பறந்த மாதிரிகூட இல்ல."

அவள் பதில் சொல்வதற்குள் கீழே கடையிலிருந்து அம்மா கத்தினாள். "மேல யாரு குதிக்கறது? பிஸ்கட் ஜாடி மூடியெல்லாம் கடகடன்னு ஆடுது. உடைஞ்சா யாரு பதில் சொல்றது?"

சின்னவளின் வேலையே சினிமாவுக்குச் சத்தம் சேர்த்து, எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று அளவு பார்ப்பதுதான். தன் வேலையைப் பற்றிப் பெற்ற அப்பனே இப்படிச் சொன்னால் வேறு யாராக இருந்தாலும் முகம் சுண்டிப் போயிருக்கும். அவளோ சோபாவிலிருந்து துள்ளி எழுந்தாள்.

"ரூம்தான்ப்பா! ரூம்தான் பொய் சொல்லுது!"

"ரூம் என்ன பண்ணுச்சு, பாவம்?" என்றார் அப்பா. அவர் ஆசை ஆசையாகக் கட்டிய அறை அது.

கீழே பேக்கரி, மேலே வீடு. வீட்டின் கடைசி அறை முன்பு மாவு மூட்டை அடுக்குகிற இடமாக இருந்தது. காலமெல்லாம் மாவுத் தூசியைச் சுவாசித்து அப்பாவின் நெஞ்சு கெட்டுப்போய், இனிமேல் அடுப்பு இருக்கிற பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டித்த பிறகு, கடையைப் பெரியவள் ஏற்றுக்கொண்டாள். சும்மா உட்காரத் தெரியாத மனிதர் மூட்டைகளைக் கீழே இறக்கச் சொல்லிவிட்டு அறைக்குக் கறுப்புச் சாயம் அடித்தார். பெரிய திரை, சுற்றிலும் ஸ்பீக்கர்கள், மூலையில் குட்டி மேசை உயரத்துக்கு, கனத்த சத்தத்துக்கென்றே ஒரு பேஸ் பெட்டி. நட்ட நடுவில், நூல் பிடித்து அளந்து, சிவப்பு சோபா. "அப்பாவுக்கு இன்னொரு கடை திறந்தாச்சு. வாடிக்கையாளர்தான் ஒருத்தரும் இல்ல" என்பாள் பெரியவள்.

சின்னவளின் சந்தோஷத்துக்குக் காரணம் வேறு. அவள் வேலை பார்த்துக்கொண்டிருந்த படத்தின் டைரக்டருக்கு அதுதான் முதல் படம். நடுத்தர வயதுக்கு மேல், பல வருஷம் அலைந்து கிடைத்த வாய்ப்பு. படத்துக்கே உயிர் அந்தக் கப்பல் காட்சிதான். கரையில் ஒரு பெண் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருப்பாள். கப்பல் தெரியாது. அதன் சத்தம் மட்டும் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல மெல்ல ஏறி வரும். அவள் கை நிற்கும். ஸ்டுடியோவில் அந்த இடம் வரும்போதெல்லாம் டைரக்டர் நெஞ்சைத் தடவிக்கொள்வார். "ரொம்ப முட்டுதும்மா. உதைக்கற மாதிரி இருக்கு. கொஞ்சம் குறையேன்."

"இதுதான் மேடம் சரியான அளவு" என்பாள் சின்னவள். கடைசி முறை இன்னும் ஒரு வார்த்தை கூடுதலாகவே வந்துவிட்டது. "உங்க காது இதுக்கெல்லாம் இன்னும் பழகல மேடம்." டைரக்டர் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதற்கப்புறம் ஸ்டுடியோவை வேறொரு படத்துக்குக் கொடுத்துவிட்டதால் கொஞ்ச நாள் இடைவெளி விழுந்தது. சின்னவள் அந்தக் காட்சியை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இன்னொன்றும் இருந்தது. யாரிடமும் சொல்லாதது. சில மாதங்களாக அவளுடைய வலது காது குளித்துவிட்டு வந்த மாதிரி அடைத்துக்கொண்டது. உள்ளே ஒரு இரைச்சல். ஒரு தடவை ஸ்டுடியோ மாடிப்படியில் தலை கிறுகிறுத்துக் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்தே விட்டாள். பிறகு சரியாகிவிட்டது. சரியாகிவிட்டதாக அவளே சொல்லிக்கொண்டாள். போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

இப்போது அப்பாவின் அறை அவளுக்கு ஒரு பிடி கொடுத்தது. நடு சோபாவில் உட்கார்ந்தால் பேஸ் காணாமல் போகிறது, கீழே ஜாடி ஆடுகிறது. ஒரு அறை இப்படி ஏமாற்றும் என்றால் இன்னொரு அறை ஏமாற்றாதா? ஸ்டுடியோவில் டைரக்டர் எப்போதும் பின்சுவரை ஒட்டித்தான் உட்காருவார். கனமான சத்தமெல்லாம் அங்கேதான் போய்க் குவியும். அப்படியானால் தன் காதில் குறையில்லை. இதை இந்த அறையை வைத்தே நிரூபித்துவிட வேண்டும் என்று பரபரத்தாள்.

"சோபாவ நகத்தணும்ப்பா."

"அது மட்டும் முடியாது."

"சுவர்ல முட்டித் திரும்பற சத்தமும், புதுசா வர்ற சத்தமும் நடு ரூம்ல ஒண்ண ஒண்ணு அடிச்சுச் சாப்பிட்டுடும். ஊஞ்சல ரெண்டு பக்கமும் நின்னு ஒரே நேரத்துல தள்ளினா எப்படி ஆடும்? அப்படியே நிக்கும்ல? அந்த இடத்துலதான் நீங்க ராஜா மாதிரி உக்காந்திருக்கீங்க."

"பேஸ் வரலன்னுதான் நான் பெட்டியோட திருகை முக்கால்வாசி ஏத்தி வெச்சேன்."

"அதான் அம்மாவோட ஜாடி ஆடுது."

முதல் வேலை, பேஸ் பெட்டிக்கு நல்ல இடம் பார்ப்பது. அதற்கு ஒரு வேடிக்கையான வழி இருந்தது. பெட்டியைத் தூக்கி ஆள் உட்காருகிற சோபா மேலேயே வைத்துவிட்டு, ஒரே அளவில், தாழ்ந்த சுருதிகளில் ஏறி இறங்கும் சத்தத்தை ஓடவிட்டு, மனிதர் தரையில் தவழ்ந்து போய் எங்கே சத்தம் ஒழுங்காகக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். எங்கே நன்றாக இருக்கிறதோ, பெட்டியைக் கொண்டுபோய் அங்கே வைக்க வேண்டும்.

அவள் முதலில் தவழ்ந்தாள். சுவரோரமாகப் போய், ஜன்னலுக்குக் கீழே நின்றாள். "இங்கதான்" என்றாள்.

"இரு, நானும் பாக்கறேன்" என்று அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலில் இறங்கினார். மூச்சு வாங்க வாங்க மூலைக்கு மூலை போனார். "கடைசியா நான் தவழ்ந்தப்ப எங்கம்மா பாத்திருப்பா" என்றார். ஜன்னலடியில் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கதவோரம் போனதும் முகம் மலர்ந்தது. "இங்கதான்மா. உருண்டையா, நல்லா வருது. ஜன்னல் பக்கம் ஒரு சத்தம் வீங்குது, ஒரு சத்தம் செத்துப் போகுது."

"இல்லப்பா, நல்லாக் கேளுங்க."

"நல்லாத்தான் கேக்கறேன்."

கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அம்மாவையும் மேலே கூப்பிட்டார்கள். "நான் தவழணுமா? இந்த வயசுலயா?" என்று அம்மா முறைத்தாள். ஆனாலும் புடவையைச் செருகிக்கொண்டு குனிந்தே ஒரு சுற்று வந்தாள். அவளும் கதவோரம்தான் நின்றாள். "இங்க நம்ம மாவு பிசையற மெஷின் ஓடற மாதிரி சீரா இருக்கு. மத்த இடமெல்லாம் கோவிச்சுக்கிட்ட மாதிரி."

சின்னவள் பையிலிருந்து அளவெடுக்கும் மைக்கை எடுத்தாள். விரல் தடிமனில் ஒரு வெள்ளிக் குச்சி. அதை லேப்டாப்பில் சொருகினால் அறையின் சத்தத்தைத் திரையில் கோடாகப் போட்டுக் காட்டும். நடு சோபாவில் வைத்தபோது கோடு மழைக்குப் பிந்திய ரோடு மாதிரி குண்டும் குழியுமாக இருந்தது. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. பெட்டியை ஜன்னலடியில் வைத்து அளந்தாள். குழி இடம் மாறியது, மறையவில்லை. கதவோரம் வைத்து அளந்தாள். பாதிக் குழி தூர்ந்துவிட்டது.

"பாத்தியா? பேக்கரிக்காரன் காது" என்றார் அப்பா.

தான் இடத்தைத் தவறாகச் சொன்னது பஸ்ஸில் வந்த களைப்பால் என்று நினைத்துக்கொண்டாள். பெட்டியைக் கதவோரம் நிறுத்தினாள்.

மறுநாள் காலையிலேயே வானம் மூடிக்கொண்டு மழையும் பெய்யாமல் காற்றும் அசையாமல் புழுங்கியது. அடுப்பை மூட்டிவிட்டால் பேக்கரியின் பின்பக்கம் சொல்லவே வேண்டாம். உதவிக்கு வருகிற ஆள் வரவில்லை. பெரியவள் ஒற்றை ஆளாக ரொட்டித் தட்டுகளை உள்ளே தள்ளுவதும் வெந்ததை வெளியே இழுப்பதுமாக இருந்தாள். முன்கையெல்லாம் பழைய சூட்டுத் தழும்புகள்.

"அக்கா, சூடு வெளிய வராம அடுப்புச் சுவருக்கு உள்ள வெச்சு அடைச்சாங்களே, அந்தக் கம்பளிப் பஞ்சு மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள் சின்னவள். அறை மூலைகளில் திணித்தால் கனத்த சத்தத்தைக் குடித்துக்கொள்ளும் சாமான் அதுதான்.

"பரண்ல கட்டுக் கட்டா கெடக்கு. எடுத்துக்கோ. அதுக்கு முன்னாடி கொஞ்சம் கை குடு. ஊர்ல இருந்து வந்ததுல இருந்து மேலேயே சுத்திட்டு இருக்க. கீழயும் மனுஷங்க இருக்கோம்."

சின்னவள் பாத்திரம் வழிக்கும் தகட்டைக் கையில் எடுத்தாள். அப்போது போன் அதிர்ந்தது. டைரக்டர். 'அடுத்த வாரம் கடைசி மிக்ஸிங். ஒரே ஒரு கேள்விதான். கப்பலை நீ குறைக்கிறாயா, இல்லை வேறு ஆளை வைத்துக் கேட்டுப் பார்க்கட்டுமா?'

வேறு ஆள் என்ற வார்த்தையிலேயே கண் நின்றது. படித்துக்கொண்டே, பழக்க தோஷத்தில், வலது பக்கமிருந்த மாவு பிசையும் பாத்திரத்துக்குள் தகட்டை நீட்டினாள். கொக்கி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தகட்டைக் கவ்வி இழுத்தது. மணிக்கட்டு பாத்திர விளிம்பில் இடித்தது. அடுத்த நொடி பெரியவள் அவள் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்து, மறு கையால் மெஷினை நிறுத்தினாள்.

இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. தகடு வளைந்து மாவுக்குள் செருகிக் கிடந்தது.

"ஓடறது கேக்கல?" பெரியவள் கத்தினாள். "தெருமுனை வரைக்கும் கொர்ருன்னு கேக்குது. காது என்ன செவிடா?"

"போன் பாத்துட்டிருந்தேன்."

"போனைக் கண்ணாலதானே பாத்த?"

சின்னவள் பரணில் ஏறிக் கட்டுகளை இறக்கினாள்.

அன்றிலிருந்து அவளை யாராலும் பிடித்து உட்கார வைக்க முடியவில்லை. பழைய ரொட்டிப் பெட்டிகளை உடைத்துப் பலகையெடுத்து, ஆள் உயரத்துக்குச் சட்டம் அடித்தாள். பஞ்சு தோலில் பட்டு அரித்தது. நீளக் கை சட்டையும் முகத்துக்குத் துணியுமாக அந்தப் புழுக்கத்தில் வேர்த்து வழிந்தபடி சட்டத்துக்குள் பஞ்சை அடைத்து, மாவு மூட்டைத் துணியைப் போர்த்தி ஆணி அடித்தாள். தூசி ஆகாது என்பதால் அப்பா வாசற்படியைத் தாண்டவில்லை. அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அந்த ஆணி கோணல்", "இந்தப் பக்கம் உப்பியிருக்கு" என்று மேஸ்திரி வேலை பார்த்தார். சாப்பிடக் கூப்பிட்டால், "தோ வரேன்" என்பாள். வந்தாலும் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்து ஓடுவாள்.

"நீ ரூமை ரிப்பேர் பண்றியா, இல்ல ரூம் உன்ன ரிப்பேர் பண்ணுதா?" என்றாள் அம்மா.

நான்கு மூலையிலும் சட்டங்கள் நின்றன. கடைசியாக சோபா. அப்பா அதன் கைப்பிடியை ஒரு தடவை தடவிவிட்டு, "சரி, தள்ளு" என்றார். பின்சுவருக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட இடத்தில் அதைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். பேஸ் பெட்டியின் திருகைக் குறைத்து, மைக்கை அப்பாவின் தலை இருக்கும் உயரத்தில் நிறுத்தி அளந்தாள். கோடு லேசாக நெளிந்தபடி ஒரே மட்டத்தில் ஓடியது. அவள் வேலை பார்க்கும் ஸ்டுடியோவில்கூட இவ்வளவு ஒழுங்கு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

"இப்ப இந்த ரூம் பொய்யே சொல்லாது" என்றாள். "உக்காருங்க. அம்மா, நீயும் வா."

விளக்கை அணைத்தார்கள். திரையில் கரை, அந்தப் பெண், கூடை, தண்ணீர். கப்பல் சத்தம் ஏற ஆரம்பித்தது.

அப்பாவின் கை நெஞ்சுக்குப் போனது. "அம்மாடி" என்றார். பிறகு, "நிறுத்து, நிறுத்தும்மா."

"என்னப்பா?"

"என்னமோ உள்ள பூந்து உதைக்குது. அந்தப் பொண்ணு முகத்தையே பாக்க முடியல."

"கப்பல் போகுதா, நம்ம வீடு போகுதான்னு தெரியலடி" என்றாள் அம்மா. "எனக்கு வயித்தக் கலக்குது."

"அதிகமா இருக்கா?"

"அதிகமாவா? நூறு ரொட்டிக்குப் போட வேண்டிய ஈஸ்ட்ட ஒரே ரொட்டிக்குச் சேத்துப் போட்ட மாதிரி இருக்கு." அப்பா மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "இன்னும் ரூம்ல ஏதாவது பாக்கி இருக்கோ என்னமோ. அதையும் பாத்துடு."

பாக்கி எதுவும் இல்லை. லேப்டாப்பில் கோடு அசையாமல் கிடந்தது. அவளுக்குக் கப்பல் மிகச் சரியாக, இம்மி பிசகாமல் கேட்டிருந்தது.

அவள் ஹெட்போனை எடுத்துக்கொண்டு கீழே சர்க்கரை மூட்டை அறைக்குப் போனாள். ஊரிலிருந்து வந்ததிலிருந்து அதை அவள் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. ஏன் எடுக்கவில்லை என்று இப்போது அவளுக்கே தெரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே ஒரு தாழ்ந்த சத்தத்தை மட்டும் ஓடவிட்டாள். இடது பக்கம் அது முழுசாக, கனமாக வந்தது. வலது பக்கம் மெலிந்து, கிழிந்து, சுருதியே வேறாக வந்தது. ஹெட்போனைக் கழற்றி, இடதை வலதாகத் திருப்பி மாட்டிக்கொண்டாள். கோளாறு ஹெட்போனில் இருந்தால் கிழிந்த சத்தம் இப்போது இடது காதுக்கு மாற வேண்டும்.

மாறவில்லை. வலது காதிலேயே நின்றது.

இன்னொரு முறை மாற்றினாள். இன்னொரு முறை. ஏழெட்டு முறை மாற்றியிருப்பாள், பெரியவள் சர்க்கரை எடுக்க உள்ளே வந்துவிட்டாள்.

"இங்க என்ன பண்ற, அடைகாக்கற கோழி மாதிரி?"

சின்னவள் நிமிர்ந்தாள். அழ வேண்டும் என்று இருந்தது, வரவில்லை. "அக்கா, எனக்கு இந்தக் காது கேக்கல. கேக்குது, ஆனா கனமான சத்தம் கேக்கல."

பெரியவள் அளவுப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு எதிர் மூட்டையில் உட்கார்ந்தாள். "எத்தன நாளா?"

"மழைக்காலத்துக்கு முன்னாடி இருந்து."

"யாருகிட்டயும் சொல்லல."

"சொன்னா என்னாகும்? காதுதான் எனக்கு வேலை. காது போன ஆளை எவன் கூப்பிடுவான்?"

"அன்னைக்குக் கை போயிருக்கும். அப்பவும் சொல்லாம கட்டுப் போட்டுட்டு ஊருக்குப் போயிருப்ப." பெரியவளின் குரலில் கோபம்தான் இருந்தது. ஆனால் அவள் எழுந்து போகவில்லை. "அப்பாவும் இப்படித்தான். மாவு ஒத்துக்கலன்னு தெரிஞ்சும் வருஷக்கணக்கா இருமிக்கிட்டே பிசைஞ்சாரு. கேட்டா சளின்னாரு. நான்தான் மூட்டைக்குப் பின்னாடி மருந்து பாட்டிலக் கண்டுபிடிச்சேன். மறைக்கற வேலையெல்லாம் உங்க ரெண்டு பேருக்கும் நல்லா வருது. கண்டுபிடிக்கற வேலைதான் எனக்கு."

"உனக்குத் தெரியுமா?"

"காதுன்னு தெரியாது. என்னமோ இருக்குன்னு தெரியும். போன்ல சிரிச்சுப் பேசறவ, மெஷின் பக்கத்துல நின்னா முழிக்கற. கடைய மத்தியானம் அம்மா பாத்துக்கட்டும். கிளம்பு, டாக்டர்கிட்ட போலாம்."

காது டாக்டர் அவளைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார். வலது காதுக்கு வந்தபோது அவள் விரல் பொத்தான் மேல் வெகுநேரம் காத்துக் கிடந்தது. காதின் உள்ளே இருக்கும் நீர் கட்டிக்கொள்கிறது என்றார் டாக்டர். ஏறும், இறங்கும். சில பேருக்குக் கேட்பது பழையபடி திரும்பும், சில பேருக்குத் திரும்பாது. மாத்திரை கொடுத்தார். உப்பை அறவே குறைக்கச் சொன்னார். "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். பெரியவள்தான் பதில் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இத மறைச்சு மட்டும் வேலை பாக்காதீங்க" என்றார்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் அம்மா சத்தம் போடவில்லை. "அதான் சாப்பிட உக்காந்தா என்ன எப்பவும் உன் இடது பக்கமே தள்ளினியா? நான் உனக்குக் காத்து வர்ற இடம் வேணும்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்கு இறங்கிப் போனாள். அன்று மாலை வரை வாடிக்கையாளர்களிடம் மிச்சம் கொடுப்பதில் தப்புத் தப்பாகக் கொடுத்தாளாம்.

அப்பாவுக்கு உப்பு என்ற ஒரு வார்த்தைதான் மண்டைக்குள் நின்றது. "ரொட்டியில உப்பு இருக்கு. பன்னுல இருக்கு. இவ என்னத்தச் சாப்பிடுவா?" மறுநாள் விடிந்ததும் முகத்துக்கு முகமூடி மாட்டிக்கொண்டு பின்பக்கம் வந்து நின்றார். பெரியவள் வழிமறித்தாள். "ஒரே ஒரு ரொட்டி" என்றார். உப்பில்லாத மாவு பிடிமானம் இல்லாமல் கண்டபடி பொங்கியது. அடுப்பில் வைத்ததும் நடுவில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. "உப்புதான் அதுக்குக் கடிவாளம்" என்று அப்பா முனகினார். சின்னவள் அதில் இரண்டு துண்டு தின்றாள். அட்டையைத் தின்பது மாதிரிதான் இருந்தது. "நாளைக்கு ஈஸ்ட்டக் குறைச்சுப் பாக்கறேன்" என்றார் அவர். மகளின் பரபரப்பு இப்போது அப்பாவைத் தொற்றிக்கொண்டது.

டைரக்டருக்கு இன்னும் பதில் போகவில்லை. சின்னவள் மாடி வராந்தாவில் நடந்தாள். தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்தாள். போனை எடுத்தாள், வைத்தாள். 'குறைச்சிடறேன் மேடம்' என்று ஒரு வரி அனுப்பினால் போதும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். ஆனால் எவ்வளவு குறைப்பது? அதுதான் அவளுக்கே தெரியாதே. இந்தக் கப்பலைக் குறைத்து ஒப்பேற்றினாலும், அடுத்த படத்தில் இடி வரும், லாரி வரும். கூப்பிட்டாள்.

"மேடம், நீங்க சொன்னது சரி. கப்பல் அதிகமாத்தான் இருக்கு. என் வலது காது சரியில்ல. கனமான சத்தம் எனக்குக் குறைச்சலாக் கேக்குது. அதனாலதான் நான் ஏத்திட்டே போயிருக்கேன்."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தாள்.

"மேடம்?"

"நான் போய்க் காதைக் காட்டிட்டு வந்தேன்" என்றார் டைரக்டர். "நீ சொன்னதுக்கப்புறம். இத்தன வருஷம் காத்திருந்து ஒரு படம் பண்றேன், என் காதுலயே கோளாறுபோல இருக்குன்னு பயந்து, ஆஸ்பத்திரியில வரிசையில உக்காந்து டெஸ்ட் பண்ணிட்டு வந்தேன். எல்லாம் சரியா இருக்குன்னாங்க. அப்பவும் நம்பல. உன்னத்தான் நம்பினேன்."

"மன்னிச்சிடுங்க மேடம்."

"இப்ப எதுவும் சொல்லத் தெரியல எனக்கு." போன் அணைந்தது.

அன்றும் அதற்கு மறுநாளும் தகவல் இல்லை. சின்னவள் மாவு சலித்தாள், தட்டு கழுவினாள், அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பன்களைப் பொட்டலம் கட்டினாள். மெஷின் பக்கம் போகும்போது பெரியவள் சொல்லாமலே அவளுக்கு இடது பக்கமாக வந்து நின்றுகொண்டாள். மேலே அறை பூட்டிக் கிடந்தது. அப்பாகூடப் படம் போடவில்லை.

மத்தியான வெயிலில் ஒரு வாடகைக் கார் கடை வாசலில் வந்து நின்றது. டைரக்டர் இறங்கினார். கசங்கிய பருத்திப் புடவை, தோளில் அதே கைப்பை. சிரிக்கவில்லை. அம்மா பதறிப்போய், "வாங்க, வாங்க, டீ குடிங்க" என்றாள். "அப்புறம் குடிக்கறேம்மா" என்றவர் சின்னவளைப் பார்த்தார். "போன்ல கோபமா வெச்சுட்டேன். கோபம் இன்னும் போகல. அந்தக் காட்சியை இங்க போட்டுக் கேக்க முடியுமா?"

"அப்பாவோட ரூம் இருக்கு மேடம். இப்ப சரியா இருக்கு. நான் சொல்றது இல்ல, மைக் சொல்லுது."

மாடி ஏறினார்கள். டைரக்டர் துணி போர்த்திய சட்டங்களையும் ஆணிகளையும் சுற்றிலும் பார்த்தார். சிவப்பு சோபாவின் முன் நின்று, "எந்தக் காது?" என்று கேட்டார்.

"வலது."

அவளுடைய இடது பக்கம் வந்து உட்கார்ந்தார். "போடு."

கப்பல் சத்தம் மட்டும் லேப்டாப்பில் தனியாக இருந்தது. அதன் அளவைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னக் குமிழ். சின்னவள் காட்சியை ஓடவிட்டுக் குறைத்தாள். "இன்னும்" என்றார் டைரக்டர். மறுபடி முதலிலிருந்து. அவள் சரியென்று நினைக்கும் அளவை எப்போதோ தாண்டியாகிவிட்டது. "இன்னும்." அப்பாவும் அம்மாவும் பின்னால் நின்றார்கள். அடுப்பு காத்துக்கிடக்கிறது என்று சொல்ல வந்த பெரியவள் கைத்துணியோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"கடைசி மிக்ஸிங்குக்கு இன்னொருத்தரையும் வரச் சொல்லியிருக்கேன்" என்று டைரக்டர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "காத்து, தண்ணி, பேச்சு எல்லாம் நீதான். அதுல உன்னளவுக்கு ஆள் இல்ல. கனமான சத்தத்துக்கு அவர் காது. படத்துல ரெண்டு பேர் பேரும் வரும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடு."

"முடியும் மேடம்."

"சரி. இன்னும் ஒரு துளி குறை."

குறைத்தாள். கரையில் அந்தப் பெண்ணின் கை கூடையிலேயே நின்றது. அம்மா முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அப்பா கண்ணை மூடியிருந்தார். வாசலில் பெரியவள், கப்பல் இன்னும் வராத திரையை வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். டைரக்டர் கையை உயர்த்தினார்.

"அங்கதான். தொடாத."

சின்னவளின் காதுக்கு அது கப்பலே இல்லை. தூரத்தில் ஏதோ ஒரு தோணி. கொஞ்சம் ஏற்றேன் என்று விரல் துடித்தது. அவள் குமிழிலிருந்து கையை எடுத்தாள். அந்த அளவை அப்படியே சேமித்தாள்.

"அடுத்த காட்சிக்குப் போலாமா மேடம்?" என்று கேட்டு, பதிலுக்காக இடது காதை அவர் பக்கம் திருப்பினாள்.